கஞ்சாப் புகையும் மூளையும்

நம் சங்கத்தின் மாதக் கூட்டம் முடிந்து அங்கத்தினர்கள் கலைந்து செல்லும் வேளையில், நெசவாளர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்து ஒரு கேள்வி கேட்டார். பத்தொன்பது வயது நிரம்பிய அவருடைய மகன் மூன்றாண்டுகளாகக் கஞ்சா புகைத்து வந்தது அண்மையில்தான் வீட்டாருக்குத் தெரிய வந்ததாம். செய்தி தெருவெங்கும் பரவிவிட்டது. “மூளை சுருங்கிப் போயிருக்கும், இனி அவனுக்குச் செலவிடுவது விழலுக்கு இறைத்த நீர்” என்று உறவினர் ஒருவர் கூறினாராம். “சாமியார்கள் காலமெல்லாம் புகைக்கிறார்கள், அவர்களுக்கு என்ன கெட்டுவிட்டது? பேசாமல் விட்டுவிடும்” என்றாராம் இன்னொருவர். “ஐயா, இவ்விரண்டில் எது மெய்? அது தெரிந்தால்தான் பையனை வைத்தியரிடம் அழைத்துப் போவதா, தறியில் உட்கார வைப்பதா, தலைமுழுகுவதா என்று நான் முடிவு செய்ய முடியும்” என்று கேட்டு நின்றார் அத்தந்தை.

இக்கேள்வி அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. 2019-ஆம் ஆண்டில் மத்திய சர்க்கார் வெளியிட்ட போதைப்பொருள் உபயோகம் பற்றிய அறிக்கையின்படி, இந்தியாவில் சுமார் 3 கோடியே 10 லட்சம் பேர் கஞ்சா இனத்துப் பொருள்களை உபயோகிக்கின்றனர். அவர்களுள் சுமார் 72 லட்சம் பேருக்கு அதனால் வந்த தொல்லைக்கு உதவி தேவைப்படுகிறது. ஆதலின் நாம் படித்தும் கேட்டும் அறிந்தவற்றை இவ்விதழில் எல்லா அங்கத்தினர்களின் முன்னும் வைக்கின்றோம். மிகைப்படுத்தி அச்சுறுத்துவதும், குறைத்துக் கூறி ஆறுதல் அளிப்பதும் நம் நோக்கமல்ல.

செடியும் அதன் பழைய விசாரணையும்

கஞ்சாச் செடி நெசவாளருக்கும் பயிரிடுவோருக்கும் முற்றிலும் அந்நியமானதன்று. அதன் தண்டிலிருந்து உரிக்கப்படும் நார் கயிறாகவும் துணியாகவும் பயன்பட்டு வந்துள்ளது. உத்தராகண்டத்து மலைவாசிகள் அந்நாரைக் கொண்டு முரட்டுத் துணி நெய்து உடுத்தி வந்தனர். நாருக்காகப் பயிரிடும் வகையில் போதைப் பொருள் மிகச் சொற்பம். பெண் செடியின் பூங்கதிரிலும் அதில் ஊறும் பிசினிலும்தான் போதை மிகுதி. பூங்கதிரைக் கஞ்சா என்றும், பிசினைச் சரஸ் என்றும், இலையைப் பாங்கு என்றும் வழங்குவர்.

கூட்டுறவு இயக்கத்தின் வரலாற்றிலும் இச்செடிக்கு ஓரிடம் உண்டு. இன்று வங்காள தேசத்தில் உள்ள நவோகாவ் என்னும் ஊரில், அரசாங்க அனுமதி பெற்றுக் கஞ்சா பயிரிட்ட விவசாயிகள் 1917-ஆம் ஆண்டில் தமக்கென ஒரு கூட்டுறவுச் சங்கம் நிறுவினர். அங்கே அப்பயிர் 1987-ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் கஞ்சாவையும் சரஸையும் தடை செய்துள்ளது.

கஞ்சா மூளையைக் கெடுக்குமா என்ற கேள்வி முதன்முதலில் பெரிய அளவில் ஆராயப்பட்டதும் இந்தியாவிலேதான். 1893-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட கஞ்சா விசாரணைக் கமிஷன், சென்னை மாகாணம் உட்படப் பல மாகாணங்களிலும் 1,193 சாட்சிகளின் வாக்குமூலங்களைத் திரட்டி, 1894-இல் பல தொகுதிகள் கொண்ட அறிக்கையை அளித்தது. பைத்திய வைத்தியசாலைகளின் பதிவேடுகளைக் கமிஷன் புரட்டிப் பார்த்தபோது ஓர் உண்மை வெளிப்பட்டது. நோய்க்குக் காரணம் இன்னதென்று விசாரியாமலே, பல நோயாளிகளின் பெயருக்கெதிரே ‘கஞ்சா’ என்று எழுதி வைத்திருந்தனர். மிதமான உபயோகத்தால் மனத்திற்குக் குறிப்பிடத்தக்க தீங்கு விளைவதில்லை என்றும், அளவு மீறிய உபயோகம் தீங்கானதென்றும் கமிஷன் முடிவு கூறியது. ஆயினும், உயிரோடிருக்கும் மனிதனின் மண்டையோட்டுக்குள் பார்க்கும் கருவி அன்று எவரிடமும் இல்லை.

மூளையில் அது பற்றும் இடம்

1964-ஆம் ஆண்டில் இஸ்ரேல் நாட்டு விஞ்ஞானிகளான ரஃபேல் மெக்கூலம், யெஹியேல் கவோனி ஆகிய இருவரும் கஞ்சாவின் முக்கியமான போதைப் பொருளைத் தனியே பிரித்தெடுத்து அதன் அமைப்பைக் கண்டனர். அதனைச் சுருக்கமாக டி.எச்.சி. என்பர். 1988-இல் அமெரிக்காவில் ஆலின் ஹவ்லெட், வில்லியம் டிவேன் ஆகியோர், மூளையின் உயிரணுக்களில் இப்பொருள் சென்று பொருந்தும் இடங்கள் இருப்பதைக் கண்டுபிடித்தனர். இவற்றை ஏற்பிகள் என்று கூறலாம். பூட்டிற்குச் சாவி போல, ஏற்பிக்கு டி.எச்.சி. பொருந்துகிறது.

எங்கோ வளரும் செடியின் பிசினுக்காக மூளை ஏன் பூட்டு வைத்திருக்க வேண்டும்? இதற்கு விடை 1992-இல் கிடைத்தது. அப்பூட்டிற்கு உரிய சாவியை நம் மூளை தானே செய்துகொள்கிறது. அப்பொருளைக் கண்டவர்கள் ‘ஆனந்தம்’ என்ற நம் நாட்டுச் சொல்லைக் கொண்டு ‘ஆனந்தமைடு’ என்று பெயரிட்டனர். மூளை அதனை வேண்டும்போது வேண்டிய அளவே சுரந்து, வேலை முடிந்தவுடன் கரைத்துவிடுகிறது. நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசும் பேச்சு மிகாமலும் குறையாமலும் பார்த்துக்கொள்வது அதன் தொழில். கஞ்சாப் புகையோ அளவறியாது வந்து எல்லாப் பூட்டுகளையும் ஒருசேரத் திறந்து, நெடுநேரம் திறந்தபடியே வைத்துவிடுகிறது.

இவ்வேற்பிகள் மிகுதியாக உள்ள இடங்களுள் ஒன்று ஹிப்போகாம்பஸ். கிரேக்க மொழியில் அதற்குக் கடற்குதிரை என்று பொருள். வடிவத்தால் வந்த பெயர். சுண்டு விரலினும் சிறிய இவ்வுறுப்பு மூளையின் இருபுறமும், காதிற்கு உட்பக்கமாக அமைந்துள்ளது. இன்று கேட்டதையும் கண்டதையும் நாளைக்கு நினைவில் நிறுத்தும் வேலை இதனுடையது. புதிய பூவேலையைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் இளைஞனுக்கு இது எத்துணை இன்றியமையாதது என்பதை நெசவாளருக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. நெற்றிக்குப் பின்னால், திட்டமிடுதலும் தன்னடக்கமும் நிகழும் மூளைப் பகுதியிலும் இவ்வேற்பிகள் உண்டு. மூச்சை நடத்தும் மூளைத் தண்டில் மட்டும் இவை மிகக் குறைவு. அபினி மிஞ்சினால் மூச்சு நின்று உயிர் போவது போலக் கஞ்சாவால் நேராமைக்கு இதுவே காரணம். உடனே கொல்லாதது ஒன்று தீங்கற்றது என்று கொள்வது மட்டும் தவறு.

பிழைபட்ட முதல் படம்

‘மூளை சுருங்கிவிடும்’ என்னும் பேச்சிற்கு வலுவூட்டிய செய்தி 1971-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரிலிருந்து வந்தது. அக்காலத்தில் முதுகுத் தண்டின் வழியே காற்றைச் செலுத்தி மூளையின் உட்குழிகளை எக்ஸ்ரே படம் எடுப்பர். கஞ்சா புகைத்த பத்து இளைஞர்களுக்கு அவ்வாறு படம் எடுத்த வைத்தியர்கள், உட்குழிகள் விரிந்திருப்பதையும், அதனால் மூளைப் பொருள் குறைந்திருப்பதையும் கண்டதாக அறிவித்தனர். உலகெங்கும் அச்செய்தி பரவிற்று.

ஆனால் அவ்விளைஞர்கள் கஞ்சாவோடு வேறு பல போதை மருந்துகளையும் உட்கொண்டவர்கள். தீங்கு எதனால் வந்ததென்று பிரித்தறிய வழியில்லை. 1977-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இரு குழுவினர் சி.டி. ஸ்கேன் என்னும் புதிய கருவியால் கஞ்சா புகைப்போரைப் பரிசோதித்தபோது, அத்தகைய சுருக்கம் எதையும் காணவில்லை. பத்துப் பேரின் படம் எழுப்பிய பேச்சு மட்டும் இன்றளவும் தெருக்களில் உலவி வருகிறது. நம் அங்கத்தினரின் உறவினர் கூறியதும் அதன் எதிரொலியே எனலாம்.

மெல்போர்ன் நகரத்து அளவைகள்

அப்படியாயின் அஞ்ச வேண்டுவது ஒன்றுமில்லையா? அவ்வாறும் சொல்வதற்கில்லை. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வந்த பின்பு மூளையின் சிற்றுறுப்புகளையும் தனித்தனியே அளக்க முடிந்தது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் நடந்த ஆராய்ச்சி 2008-இல் வெளியாயிற்று. நாளொன்றுக்கு ஐந்துக்கு மேற்பட்ட கஞ்சாச் சுருள்களைப் பத்தாண்டுகளுக்கு மேலாகப் புகைத்த 15 ஆண்களை, புகைக்காத 16 பேரோடு அதில் ஒப்பிட்டனர். அப்பதினைவரும் புகைத்த காலம் சராசரியாக ஏறத்தாழ இருபது ஆண்டுகள். அவர்களுடைய ஹிப்போகாம்பஸ் மற்றவர்களுடையதைவிட 12 சதவிகிதம் சிறியதாக இருந்தது. அச்சத்தையும் உணர்ச்சியையும் ஆளும் அமிக்டலா என்னும் வாதுமை வடிவ உறுப்பு 7.1 சதவிகிதம் சிறியதாக இருந்தது. சொற்களைக் கேட்டு நினைவில் வைக்கும் பரீட்சையிலும் அவர்கள் பின்தங்கினர்.

2012-இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி நம் தொழிலாளருக்கு எளிதில் விளங்கும். மூளையின் ஒரு பகுதியை மற்றொரு பகுதியோடு இணைக்கும் வெண்ணிற நரம்பிழைகளை அதில் ஆராய்ந்தனர். நீண்டகாலம் புகைத்த 59 பேரிடம், ஹிப்போகாம்பஸிலிருந்து புறப்படும் இழைகளும், மூளையின் இருபாதிகளையும் பிணைக்கும் இழைகளிற் சிலவும் செம்மை குன்றியிருந்தன. எவ்வளவு இளவயதில் பழக்கம் தொடங்கிற்றோ அவ்வளவு குறைபாடு மிகுந்திருந்தது. பாவு பிணைக்கும்போதே இழை தளர்ந்தால், பிறகு எவ்வளவு கவனமாக நெய்தாலும் துணியில் அது தெரியாமற் போகாதன்றோ?

எதிர்ச்சாட்சியும் உண்டு

நியாயம் கேட்பவர் இருதரப்பையும் கேட்டல் வேண்டும். 2015-ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆராய்ச்சியில், நாள்தோறும் கஞ்சா புகைக்கும் 29 பெரியவர்களையும் 50 இளவயதினரையும், அவர்களைப் போன்றே மது அருந்துபவராயினும் கஞ்சா புகைக்காதவர்களோடு ஒப்பிட்டனர். ஹிப்போகாம்பஸ், அமிக்டலா முதலியவற்றின் அளவில் வேறுபாடு தென்படவில்லை. முந்தைய சில ஆராய்ச்சிகள் கஞ்சாவின் மீது சுமத்திய பழியில் ஒரு பங்கு மதுவுக்கு உரியதாகலாம் என்பது இதனால் பெறப்படுகிறது.

அதே ஆண்டில் வெளியான வேறோர் ஆராய்ச்சியில் உடன்பிறந்தாரும் இரட்டையருமான 483 பேர் பரிசோதிக்கப்பட்டனர். கஞ்சாவைத் தொட்டவரின் அமிக்டலா சற்றுச் சிறியதாக இருந்தது உண்மையே. ஆனால் அதைத் தொடாத அவர் உடன்பிறப்பின் அமிக்டலாவும் அவ்வளவே இருந்தது. பிறப்பாலோ வளர்ப்பாலோ குடும்பத்திற்குப் பொதுவாய் அமைந்த ஒன்றைப் புகையின் விளைவென்று எண்ணிவிடக் கூடும் என்பதற்கு இது ஓர் எச்சரிக்கை. எனினும் இவர்களுட் பலர் எப்போதாவது புகைத்தவர்களே. இருபது ஆண்டுகள் இடைவிடாது புகைத்தவரைப் பற்றி இவ்வாராய்ச்சி தீர்ப்புக் கூறாது.

இளமைதான் கவலைக்குரியது

சந்தேகத்தை நீக்க வழி யாது? பழக்கம் தொடங்குவதற்கு முன்பே ஒருமுறை அளந்து, பின்னர் மறுமுறை அளப்பதே. ஐரோப்பிய நாடுகளில் 799 சிறுவர் சிறுமியரை, கஞ்சாவை அறியாத பதினான்காம் வயதில் ஸ்கேன் எடுத்து, ஐந்தாண்டு கழித்து மீண்டும் எடுத்தனர். முடிவுகள் 2021-இல் வெளியாயின. வளரும் பருவத்தில் மூளையின் மேற்புறணி எல்லோருக்குமே சற்று மெலியும். தேவையற்ற இணைப்புகளை மூளை களைந்துகொள்வதால் அது நிகழ்வதாகக் கருதுகின்றனர். நெற்றிப்புறத்தில் அம்மெலிவு, இடைக்காலத்தில் கஞ்சா புகைத்தவர்களுக்கு மற்றவர்களைவிட மிகுந்திருந்தது. அதிகம் புகைத்தவர்களுக்கு இன்னும் அதிகம். பதினான்கு வயதில் இருந்த அளவைக் கொண்டு பின்னர் யார் புகைப்பர் என்று சொல்ல இயலவில்லை. ஆகவே மெலிவு முன்னரே இருந்தது என்று தள்ளிவிடவும் முடியாது. கஞ்சாவின் ஏற்பிகள் செறிந்த இடங்களிலேயே மெலிவு மிகுந்திருந்ததும் கவனிக்கத்தக்கது.

நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1972, 1973-ஆம் ஆண்டுகளில் பிறந்த 1,037 பேரைக் குழந்தைப் பருவம் முதல் தொடர்ந்து பரிசோதித்து வருகின்றனர். 2022-இல் வெளியான முடிவின்படி, நீண்டகாலம் கஞ்சா உபயோகித்தவர்களின் ஐ.க்யூ. எனப்படும் அறிவுக்கூர்மை எண், சிறு வயதிலிருந்ததைவிட 45-ஆம் வயதில் சராசரி 5.5 குறைந்திருந்தது. அவர்களுடைய ஹிப்போகாம்பஸும் சிறியதாக இருந்தது. ஆனால் உறுப்பின் சிறுமையே அறிவுக் குறைவுக்குக் காரணம் என்று அவ்வாராய்ச்சியாளர் நிறுவ முடியவில்லை. படத்தில் தெரியும் அளவும், வாழ்க்கையில் தெரியும் திறமையும் ஒன்றோடொன்று நேராகப் பொருந்திவிடுவதில்லை.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் நமக்குத் தோன்றுவது இதுதான்: எப்போதோ ஒருமுறை புகைத்தவனின் மூளை சுருங்கிவிட்டதென்பது ஆதாரமற்ற பேச்சு. பதின்பருவத்தில் தொடங்கி, நாள்தோறும், ஆண்டுக்கணக்கில் புகைப்பவனுக்கு ஒன்றும் ஆகாதென்பதும் ஆதாரமற்ற பேச்சே. இன்றைய கஞ்சா முன்னோர் கண்ட கஞ்சாவும் அன்று. அமெரிக்காவில் கைப்பற்றப்பட்ட சரக்கில் 1995-இல் சுமார் 4 சதவிகிதமாக இருந்த டி.எச்.சி., 2014-இல் சுமார் 12 சதவிகிதமாக உயர்ந்தது.

விட்டால் மீளுமா?

தந்தையின் நெஞ்சில் இருந்த மெய்யான கேள்வி இதுவே. நாள்தோறும் புகைத்து வந்தவர்களின் மூளைப் புறணியில் ஏற்பிகள் சுமார் 20 சதவிகிதம் குறைந்திருந்ததை 2012-இல் ஓர் ஆராய்ச்சி காட்டியது. அளவுக்கு மீறிச் சாவிகள் குவியும்போது மூளை தன் பூட்டுகளைக் குறைத்துக்கொள்கிறது போலும். அதே மனிதர்கள் சுமார் நான்கு வாரங்கள் கஞ்சாவைத் தொடாமலிருந்த பின் மறுபடி பார்த்தபோது, பெரும்பாலான இடங்களில் ஏற்பிகள் மீண்டும் பெருகியிருந்தன. ஹிப்போகாம்பஸில் மட்டும் அந்நாள்களுக்குள் அம்மீட்சி தெளிவாகக் காணப்படவில்லை.

ஹிப்போகாம்பஸுக்குக் கூடுதல் காலம் வேண்டியிருக்கலாம். 2016-இல் வெளியான ஆராய்ச்சியில், நெடுநாள் புகைத்துப் பின்னர் விட்டுவிட்டவர்களையும் பரிசோதித்தனர். அவர்கள் விட்டுச் சராசரி 29 மாதங்கள் ஆகியிருந்தன. அவர்களுடைய ஹிப்போகாம்பஸ் என்றும் புகைக்காதவர்களுடையதை ஒத்திருந்தது. ஒரே மனிதரை விடுமுன்னும் விட்டபின்னும் அளந்ததன்று இது. ஆதலின் முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது. ஆயினும், ‘இனி அவ்வளவுதான்’ என்று கைவிடுவதற்கு விஞ்ஞானம் இடந்தரவில்லை என்பது தெளிவு.

நாம் செய்யத்தக்கவை

முதலாவதாக, மகனின் மூளை கெட்டதா என்று பார்க்கக் கடன் வாங்கி ஸ்கேன் எடுக்க வேண்டியதில்லை. மேலே கூறிய வேறுபாடுகள் பலரின் சராசரியில் தெரிபவை. ஒருவன் படத்தைத் தனியே வைத்துக்கொண்டு ‘இது கஞ்சாவின் வேலை’ என்று எவரும் சொல்ல இயலாது. அப்பணத்தை வைத்திய ஆலோசனைக்குச் செலவிடுவதே உத்தமம்.

இரண்டாவதாக, பழக்கத்தை விட்டவுடன் உறக்கமின்மை, சிடுசிடுப்பு, பசியின்மை, மன அமைதியின்மை ஆகியவை தோன்றும். முதல் வாரத்தில் அவை கடுமையாக இருந்து, இரண்டு மூன்று வாரங்களில் தணியும். அந்நாள்களில் பையன் எரிந்து விழுவதைத் திமிரென்று எண்ணி அடித்தால், அவன் மீண்டும் புகைக்கே ஓடுவான். இல்லாத குரல் கேட்பதாகவோ, பிறர் தனக்குத் தீங்கு சூழ்வதாகவோ அவன் கூறினால் ஒருநாளும் தாமதியாது மனநல வைத்தியரிடம் அழைத்துச் செல்லல் வேண்டும்.

மூன்றாவதாக, போலீசுக்கு அஞ்சி வைத்தியத்தை மறைப்பவர் பலர். 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 64-ஏ பிரிவு, பழக்கத்திற்கு அடிமையானவர், உபயோகித்த குற்றத்திற்கோ சிறு அளவு வைத்திருந்த குற்றத்திற்கோ உள்ளாகி, தாமாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில் சிகிச்சை பெற்று அதனை முடித்தால், வழக்கிலிருந்து விலக்களிக்க இடந்தருகிறது. மத்திய சர்க்காரின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 14446-இல் ஆலோசனையும் அருகிலுள்ள நிலையத்தின் விவரமும் பெறலாம்.

சங்கத்திற்கும் ஒரு கடமை உண்டு. அத்தகைய இளைஞனுக்கு நூல் தர மறுப்பதும், அவன் தந்தையை ஏளனம் செய்வதும் கூட்டுறவாகாது. வேலையும் துணையும் அற்றவனுக்குப் புகையை விடுதல் இன்னும் அரிதாகும்.

அந்த நெசவாளருக்கு நாம் அளித்த விடை பின்வருமாறு: “உம் மகன் பதினாறு வயதில் தொடங்கிவிட்டான், அது கவலைக்குரியதே. ஆதலால் விட்டுவிடும் என்று சொன்னவர் பேச்சைக் கேளாதீர். ஆனால் அவனுக்குப் பத்தொன்பது வயதுதான் ஆகிறது. அவன் மூளை இன்னும் வளர்ந்து கொண்டிருக்கிறது. நிறுத்தினால் மீள்வதற்கு நம்பிக்கை உண்டு. ஆதலால் தலைமுழுகச் சொன்னவர் பேச்சையும் கேளாதீர். வைத்தியரிடமும் அழைத்துப் போம். தறியிலும் உட்கார வையும்.” அடுத்த திங்கட்கிழமையே இருவருமாக அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போவதாகச் சொல்லி அவர் விடைபெற்றார்.